டாம் ஃபின்னி ஒரே கழகத்தில் நின்றது விசுவாசத்தாலா, வேறு வழியில்லாததாலா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8

இன்றைய கால்பந்து ஆட்டக்காரர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பணத்துக்காகக் கழகம் மாறுகிறார்கள். இங்கிலாந்தின் டாம் ஃபின்னியைப் பாருங்கள்: பிரெஸ்டன் நார்த் எண்ட் என்ற ஒரே கழகத்துக்காக 1946 முதல் 1960 வரை லீக்கில் ஆடினார். அந்த விசுவாசம் இப்போது எங்கே போயிற்று? இன்னொன்றும் கேட்க வேண்டும். முதல் டிவிஷன் (அப்போதைய உயர்மட்ட லீக்) பட்டமோ எஃப்.ஏ. கோப்பையோ ஒருமுறைகூட வெல்லாத ஒருவரை, அதே காலத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸுக்கு நிகராகப் பேசுவது மிகையில்லையா?

பிப்ரவரி 9, காலை

இரண்டாவது கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்வியில் ஒரு பெரிய தகவல் விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ளாமல் ஃபின்னியைப் புகழ்ந்தால், அவரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவருக்கு மேலே இருந்தவர்களைப் புகழ்ந்தவர்களாகிவிடுவோம்.

1952 மே மாதம் இங்கிலாந்து அணி இத்தாலிக்குச் சென்று ஃப்ளோரன்ஸில் ஆடியது. அந்தப் பயணத்தின்போது சிசிலித் தீவின் பலெர்மோ கழகத் தலைவர், லான்சா என்ற இளவரசர், ஃபின்னியை அணுகினார். கையெழுத்திட்டவுடன் 10,000 பவுண்டு, மாதச் சம்பளம் 130 பவுண்டு, வெற்றிக்கு ஏற்ப ஊக்கத்தொகை, குடியிருக்க மத்தியதரைக்கடல் ஓரத்தில் ஒரு மாளிகை, கார், குடும்பத்தினர் வந்து போகப் பயணச் செலவு என்று எல்லாம் சேர்ந்த ஒரு வாய்ப்பு அது. அப்போது இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் பருவ காலத்தில் வாரத்துக்கு 14 பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கக் கூடாது. கோடையில் அதுவும் குறையும். வெற்றிக்கு 2 பவுண்டு, சமநிலைக்கு 1 பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஃபின்னி ஊருக்குத் திரும்பிக் கழகத் தலைவர் நாட் பக்கிடம் விஷயத்தைச் சொன்னார். மறைத்துச் செய்யவில்லை, பத்திரிகைக்குக் கசிய விடவில்லை, போயே தீருவேன் என்று மிரட்டவும் இல்லை. கிடைத்த பதில், எங்களுக்கு ஆடாவிட்டால் நீ யாருக்கும் ஆட முடியாது என்பதுதான். ஃபின்னியே பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்த பதில் இது. அது வெறும் கோபப்பேச்சும் இல்லை, சட்டப்படி உண்மையாகவே இருந்தது.

காரணம், தக்கவைத்தலும் மாற்றுதலும் என்று அழைக்கப்பட்ட முறை. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் ஓராண்டில் முடிந்தாலும் அவருடைய பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். பருவ முடிவில் கழகம் ஒரு பட்டியல் வெளியிடும்; அதில் 'தக்கவைக்கப்பட்டவர்' என்று பெயர் வந்துவிட்டால், அவர் கையெழுத்திட மறுத்தாலும் வேறு எந்த லீக் கழகத்திலும் ஆட முடியாது. கையெழுத்து இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அதாவது ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆள் கழகத்துக்கே சொந்தம். இந்த முறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. சம்பள உச்சவரம்பு 1901-இல் வந்தது. ஃபின்னி 1922-இல் பிறப்பதற்கு முன்பே இரண்டும் இறுகிப்போயிருந்தன.

ஆகவே 'பணத்தை உதறிவிட்டுப் பிரெஸ்டனிலேயே நின்றார்' என்பது பாதிக் கதை. உதறும் உரிமையே அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

பிப்ரவரி 9, இரவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் 14 பவுண்டு என்று கோடைக் குறைப்பைக்கூடக் கழிக்காமல் வைத்துக்கொண்டால், பலெர்மோ கையெழுத்துக்கு மட்டும் தரத் தயாராயிருந்த 10,000 பவுண்டைச் சேர்க்க 714 வாரங்கள் ஆகும். ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள். ஃபின்னியின் லீக் வாழ்க்கை மொத்தமே 1946 ஆகஸ்டிலிருந்து 1960 ஏப்ரல் வரை, அதே பதினான்கு ஆண்டுகள்தான்.

பிப்ரவரி 11

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு தொடுகிறது என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

என் முதல் வேலையில் சேர்ந்தபோது அசல் சான்றிதழ்களை நிறுவனத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரு பழுப்பு உறைக்குள் போய், மேலாளர் அறை இரும்பு அலமாரியில் அடைந்தன. ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் வேறு நல்ல வேலை ஒன்று வந்தது. நேர்காணலில் தேர்வாகியும், அசலைக் காட்ட முடியாததால் அது கைநழுவிப் போனது. அதன்பின் அங்கே இன்னும் சில காலம் வேலை பார்த்தேன். விடைபெறும் நாளன்று ஒரு மேலதிகாரி எழுந்து, 'எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள், இவர் மட்டும் நம்மோடு நின்றார்' என்று பாராட்டிச் சால்வை போர்த்தினார். அந்தச் சால்வை தோளில் விழுந்தபோது எனக்கு உண்டான உணர்வை இன்றும் மறக்க முடியவில்லை. அங்கே வேலை செய்த மனிதர்களை நான் மனதார நேசித்தேன் என்பதும் உண்மை. போக விடாமல் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

ஃபின்னியின் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன்.

பிப்ரவரி 14

இன்று அவருடைய நினைவு நாள். 2014-இல் இதே தேதியில், 91 வயதில் மறைந்தார். ஒப்பந்தம், சம்பளம் என்றே பேசிக்கொண்டிருந்தால் மனிதர் எப்படி ஆடினார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவோம். ஆகவே இன்று ஆட்டம் பற்றி.

லங்காஷயரில் வேலை பார்த்த காலத்தில் பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்துக்கு அடிக்கடி போவேன். வெளியே அவருடைய சிலை இருக்கிறது. வழக்கமான சிலைகளைப் போல மார்பை நிமிர்த்தி, பந்தை மிதித்துக்கொண்டு நிற்கும் சிலை இல்லை. 1956-இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில், மழைநீர் தேங்கிய தரையில் செல்சி அணிக்கு எதிராக அவர் சறுக்கிச் செல்லும் நொடியைப் பிடித்த புகைப்படம் ஒன்று உண்டு. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுப் படமாகத் தேர்வானது. அந்தக் கணத்தைத்தான் சிலையாக வடித்து, சுற்றிலும் நீர் பீறிடச் செய்திருக்கிறார்கள். கிட்டத்தில் நின்று பார்த்தால் தெரியும்: உடம்பு முழுவதும் சரிந்து, கைகள் சமநிலைக்காக விரிந்திருக்கும்போதும் அவர் பார்வை பந்தைவிட்டு அகலவில்லை. மைதானத்துக்குள்ளே அவர் பெயரில் உள்ள அரங்கின் இருக்கைகளிலேயே அவர் முகத்தை வண்ணம் பிரித்து அமைத்திருக்கிறார்கள். ஆட்கள் வந்து உட்கார உட்கார அந்த முகம் மறைந்துபோகும்.

ஆட்டத்துக்கு வருகிறேன். இயல்பிலேயே இடதுகால் ஆட்டக்காரர். சிறுவயதில் ஒல்லியான, உயரமில்லாத உடம்பு. இன்சைடு லெஃப்ட்டாக (நடுவுக்குச் சற்று இடப்பக்கத்து முன்கள ஆட்டக்காரராக) தொடங்கியவரை வலது விங்குக்கு, அதாவது முன்களத்தின் வலது ஓரத்துக்கு, மாற்றினார்கள். அதற்காகவே வலது காலை விடாமல் பழக்கினார். அதன் பலன், அவரைத் தடுக்க வரும் ஃபுல்பேக்குக்கு (ஓரத்துத் தடுப்பாளருக்கு) ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாமல் போனது. வெளிப்பக்கம் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி, வலது காலால் கோலுக்கு முன்னால் குறுக்காகப் பந்தை அனுப்புவார். நடுப்பக்கம் திரும்பினால் இடது காலால் கோலை நோக்கி அடிப்பார். இங்கிலாந்துக்காக அவர் ஆடிய 76 ஆட்டங்களில் 40 வலது விங், 33 இடது விங், 3 சென்டர் ஃபார்வர்டு (நடு முன்கள ஆட்டக்காரர்). இந்தப் பங்கீட்டைப் பார்த்தாலே அவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பது விளங்கும். உலகத்தில் எத்தனை விங்கர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ சமமாகத் தேசிய அணிக்கு ஆடியிருக்கிறார்கள்?

மேத்யூஸோடு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அந்த ஒப்பீட்டை வெல்வதற்கான பந்தயமாக்குவதில் இல்லை. மேத்யூஸ் ஆடிய பிளாக்பூலும் பிரெஸ்டனும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அதனால் அந்தச் சண்டை வீட்டுச் சண்டை போல வளர்ந்தது. மேத்யூஸ் பந்தோடு செய்த வித்தையை வேறு யாரும் செய்யவில்லை. ஆனால் கோல் கணக்கில் மேத்யூஸ் 54 ஆட்டங்களில் 11, ஃபின்னி 76-இல் 30. ஃபின்னி தலையால் அடிப்பார், பின்னால் ஓடிவந்து பந்தைப் பறிப்பார், பெனால்டி எடுப்பார். 1947 மே மாதம் லிஸ்பனில் இருவரையும் ஒரே அணியில் சேர்த்து, மேத்யூஸை வலப்பக்கமும் ஃபின்னியை இடப்பக்கமும் நிறுத்தினார்கள். இங்கிலாந்து 10-0 என்று போர்ச்சுகலை வென்றது. நடு முன்களத்தில் ஆடிய லாட்டனும் மார்ட்டன்சனும் ஆளுக்கு நான்கு கோல், விங்கர்கள் இருவரும் ஆளுக்கு ஒன்று. யாரை எடுப்பது என்று பத்திரிகைகள் அடித்துக்கொண்டதற்கு மைதானத்திலேயே பதில் கிடைத்த நாள் அது. மூன்றாண்டு கழித்து அதே போர்ச்சுகலுக்கு எதிராக, அதே லிஸ்பன் நகரில், ஃபின்னி மட்டும் நான்கு கோல் அடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழங்கால் வரை சேறு, நனைந்தால் கனக்கும் தோல்பந்து, கணுக்காலை மறைக்கும் கனத்த பூட்ஸ், பின்னாலிருந்து காலை வாரினாலும் நடுவர் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலம். விங்கர்களை நொண்டியாக்குவதே சில ஃபுல்பேக்குகளுக்குத் தொழில்திறனாக இருந்தது. அந்தக் காலத்தில் ஆடியும் ஃபின்னி ஒருமுறைகூட எச்சரிக்கப்படவில்லை, வெளியேற்றப்படவும் இல்லை.

பிப்ரவரி 15

நேற்றைய குறிப்பில் இரண்டாம் உலகப் போரைச் சேர்க்க மறந்தேன் என்று ஒரு நண்பர் சுட்டியிருக்கிறார். அதைச் சொல்லாமல் கணக்கு முழுமையாகாது. ஃபின்னி தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்திட்டது 1940 ஜனவரியில். 1941-இல் வெம்பிளியில் நடந்த போர்க்காலக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆர்சனலுக்கு எதிராக ஆடினார். அது 1-1 என்று முடிந்து, மறு ஆட்டத்தில் பிரெஸ்டன் 2-1 என்று வென்றது. அடுத்த ஆண்டு படைக்கு அழைப்பு வந்தது. எகிப்து, பிறகு இத்தாலி; பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் எட்டாம் படையில் டாங்கி ஓட்டினார். முறையான லீக்கில் அவர் முதல் ஆட்டம் ஆடியது 1946 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, 24 வயதில். அதே செப்டம்பரில் இங்கிலாந்து அணிக்கும் வந்துவிட்டார்.

433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள் என்ற எண்ணிக்கையைப் படிக்கும்போது, 18 வயதிலிருந்து 24 வரை அதில் ஒன்றுமே இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 18

கோப்பை பற்றிய இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன்.

1952-53 பருவத்தில் ஆர்சனலும் பிரெஸ்டனும் தலா 54 புள்ளிகள். அப்போது சமநிலையைத் தீர்க்கக் கோல் சராசரி பார்ப்பார்கள்: அடித்த கோல்களின் எண்ணிக்கையை வாங்கிய கோல்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஆர்சனல் 97 அடித்து 64 வாங்கியது, 1.516. பிரெஸ்டன் 85 அடித்து 60 வாங்கியது, 1.417. பட்டம் ஒரு கோலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தில் போயிற்று. (இன்றைய கோல் வித்தியாச முறைப்படியும் ஆர்சனலுக்கே போயிருக்கும்; அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.) பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பிரெஸ்டன் அந்த ஆர்சனலையே டீப்டேலில் 2-0 என்று வென்றது. தன் கடைசி ஆட்டத்தையும் டெர்பியில் வென்று, இரண்டு புள்ளி முன்னிலையோடு ஆட வேண்டியதையெல்லாம் ஆடி முடித்தது. மே 1-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆர்சனல் பர்ன்லியை 3-2 என்று வெல்லும் வரை காத்திருப்பதைத் தவிர அவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் சனிக்கிழமை, வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் பிளாக்பூல் வென்று, மேத்யூஸ் கையில் பதக்கம் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரின் பெயர்களும் வரலாற்றில் பிரிந்த இரண்டு நாட்கள் அவை.

1954-இல் ஃபின்னியின் முறை வந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. இறுதியாட்டத்தில் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியனுக்கு எதிராகப் பிரெஸ்டன் 2-1 என்று முன்னிலை பெற்று, பெனால்டி ஒன்றில் சமநிலைக்கு இறங்கி, கடைசி நிமிடங்களில் கிரிஃபின் அடித்த கோலில் 3-2 என்று தோற்றது. ஃபின்னி அன்று நன்றாக ஆடவில்லை. எதிரணிக் கேப்டன் மில்லர்ட் அவரை நெருங்கியே நின்று அடக்கிவிட்டார். நான் அவருடைய ரசிகன் என்பதற்காக இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1957-58-இல் மீண்டும் இரண்டாமிடம். வுல்வர்ஹாம்ப்டனுக்கு 64 புள்ளி, பிரெஸ்டனுக்கு 59. அப்போது அவருக்கு வயது 36, விங்கிலிருந்து நடுவுக்கு வந்து சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தார். 1957-இல் இரண்டாம் முறையாக அதே சிறந்த ஆட்டக்காரர் விருது. அதை இருமுறை பெற்ற முதல் ஆள் அவர்தான்.

மிகையா என்று கேட்டீர்கள். அவர் 1960-இல் ஓய்வுபெற்றார். அடுத்த பருவத்திலேயே, 1961-இல், பிரெஸ்டன் முதல் டிவிஷனின் கடைசி இடத்தில் முடிந்து கீழே இறங்கியது. அதன்பிறகு உயர்மட்ட லீக்குக்கு அந்தக் கழகம் திரும்பவே இல்லை. அலமாரியில் கோப்பை உண்டா என்று பார்ப்பதைவிட, ஆள் போனதும் வீடு நின்றதா என்று பார்ப்பது ஒரு ஆட்டக்காரரை அளக்கச் சரியான வழி என்பது என் துணிபு.

பிப்ரவரி 20

முதல் குறிப்பில் கழகத்துக்கு எதிராக அவருக்கு எந்த வழியும் இல்லை என்ற தொனியில் எழுதியிருந்தேன். அதன் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும், ஏனென்றால் ஃபின்னி தனக்கென்று ஒரு வழியை வைத்திருந்தார்: பிளம்பர் வேலை.

சிறுவனாக இருந்தபோதே பிரெஸ்டன் கழகம் அவரைப் பயிற்சி ஆளாக எடுத்துக்கொள்ளத் தயாராயிருந்தது. தந்தை ஆல்ஃப் ஒரே பிடியாக நின்றுவிட்டார்: முதலில் பிளம்பிங் தொழிற்பயிற்சியை முடி, பந்து பிறகு. தாய், ஃபின்னிக்கு நான்கு வயதாக இருந்தபோதே இறந்துவிட்டார். பிள்ளைகளைத் தனியாக வளர்த்த அந்த மனிதருக்கு, கால் முறிந்தால் கஞ்சிக்கு என்ன வழி என்ற கேள்வி பெரிதாகத் தோன்றியிருக்கும். தந்தையின் பேச்சை மகன் கேட்டார். பின்னாளில் சகோதரர் ஜோவோடு சேர்ந்து பிளம்பிங் தொழில் நடத்தினார். காலையில் பயிற்சி, பிறகு வேலை. 'பிரெஸ்டன் பிளம்பர்' என்று பத்திரிகைகள் அவரை அழைத்தது அலங்காரத்துக்காக இல்லை.

டீப்டேல் சிலைக்கு அருகே ஒருமுறை பேச்சுக் கொடுத்த முதியவர் ஒருவர், தன் தாயார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகியபோது சரிசெய்ய வந்தவர் ஃபின்னி என்று சொன்னார். ஈயக் குழாயின் மூட்டை அவர் துடைத்த விதத்தைக்கூட அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். கோல்களைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அந்தக் குழாய் மூட்டைப் பற்றிப் பேசவே ஆசை.

இங்கேதான் என் எண்ணம் சற்று மாறுகிறது. உச்சவரம்புச் சம்பளத்தை மட்டும் நம்பி இருந்தவர்கள் கழகத்தின் தயவில் இருந்தார்கள். ஃபின்னி அப்படி இல்லை. அவர் கழகத்துக்குக் கட்டுப்பட்டது ஆட்டக்காரராக மட்டுமே. பிழைப்புக்காக அவர் யார் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை. நாட் பக் மறுத்த பிறகு எட்டு ஆண்டுகள் அதே கழகத்துக்குக் கசப்பில்லாமல், அரைமனதில்லாமல் ஆடினார் என்றால், அதற்குக் குணம் பாதிக் காரணம், அந்தத் தொழில் மீதிக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அந்த எட்டு ஆண்டு ஆட்டத்தைத்தான் நான் விசுவாசம் என்று எடுத்துக்கொள்வேன். போகாமல் இருந்தது அவர் முடிவில்லை. போக முடியாதபோதும் முழுமனதாக ஆடியது அவர் முடிவு.

பிப்ரவரி 21

மீறிப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

நீல் ஃப்ராங்க்ளின், ஸ்டோக் சிட்டியின் சென்டர் ஹாஃப் (நடுத் தடுப்பாளர்), இங்கிலாந்து அணியில் அசைக்க முடியாத இடம் பெற்றிருந்தவர். 1950-இல் உலகக்கோப்பையையும் விட்டுவிட்டு, ஃபிஃபாவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த கொலம்பியா லீக்கில் ஆட பொகோட்டாவுக்குப் போனார். சில மாதங்களிலேயே திரும்பினார். தடை விதித்தார்கள், மறுபடி இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை.

வில்ஃப் மேனியன் 1948-இல் மிடில்ஸ்பரோவுக்குக் கையெழுத்திட மறுத்து வீட்டில் இருந்தார். மாதக்கணக்கில் ஆட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. கடைசியில் 1949 தொடக்கத்தில் அதே மிடில்ஸ்பரோவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

ஜான் சார்ல்ஸ் 1957-இல் லீட்ஸிலிருந்து இத்தாலியின் யுவென்டஸுக்கு 65,000 பவுண்டுக்குப் போனார். அவர் மட்டும் எப்படிப் போக முடிந்தது? முந்தைய ஆண்டு லீட்ஸ் மைதானத்தின் மேற்கு அரங்கு தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. கழகத்துக்குப் பணம் தேவைப்பட்டது. ஆட்டக்காரரின் விருப்பம் கழகத்தின் தேவையோடு பொருந்தியபோதுதான் கதவு திறந்தது.

பிப்ரவரி 25

ஒரு வாசகர் வலுவான எதிர்வாதம் வைத்திருக்கிறார். உச்சவரம்பு இருந்ததால்தான் ஃபின்னி போன்ற ஆட்டக்காரர் பிரெஸ்டன் போன்ற நெசவாலை ஊரில் தங்கினார். லண்டன் கழகத்திலும் அதே சம்பளம் என்றால் ஊரைவிட்டு ஏன் போக வேண்டும்? வரம்பு போனதும் சிறு ஊர்கள் வீழ்ந்தன என்கிறார்.

இதில் உண்மை இருக்கிறது, எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஐம்பதுகளில் பிரெஸ்டன், பிளாக்பூல், போல்டன், பர்ன்லி என்று லங்காஷயரின் நடுத்தர ஊர்களெல்லாம் முதல் டிவிஷனில் இருந்தன. ஃபின்னி, மேத்யூஸ், நாட் லாஃப்ட்ஹவுஸ் மூவரும் சில மைல் தூரத்துக்குள் வெவ்வேறு கழகங்களில் ஆடினார்கள். சனிக்கிழமை ஆலைச் சங்கு ஊதியதும் தொழிலாளி நடந்தே போய் உலகத்தரமான ஆட்டக்காரரைப் பார்க்க முடிந்தது. 1961 ஜனவரியில், ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் தலைமையில் வேலைநிறுத்த மிரட்டல் முற்றியபோது 20 பவுண்டு வரம்பு ஒழிந்தது. உடனே ஃபுல்ஹாம் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. பெரிய நகரங்களின் பக்கம் தராசு சாய்ந்ததை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சமநிலைக்கு விலை கொடுத்தது யார்? 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களைப் பார்க்க 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சீட்டு வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தை வரவழைத்தவர்களுக்குத் திறமையான தொழிலாளியின் கூலியை ஒட்டிய சம்பளம். அதுவும் முப்பத்தைந்து வயதோடு முடியும் பிழைப்பு. ஊருக்கு ஊர் திறமை பரவியிருக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம். அதற்கு வருமானத்தைக் கழகங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வழி இருந்தது. ஆட்டக்காரரின் கையைக் கட்டித்தான் அதைச் செய்ய வேண்டும் என்றில்லை. நான் பிரெஸ்டன் மீது பிரியம் வைத்தவன். ஆனாலும் பிரெஸ்டனின் பெருமைக்கு ஃபின்னியின் 10,000 பவுண்டு கட்டணமாகப் போனது நியாயம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

மார்ச் 2

சங்கம் வென்றது சம்பள வரம்பை மட்டும்தான்; தக்கவைத்தல் முறை அப்போதும் நின்றது. அதை உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாசிலைவிட்டுப் போக விரும்பி, கழகம் மறுத்ததால் ஆட்டத்தையே விட்டு வேறு வேலைக்குப் போனார். 1960 இறுதியில் கழகம் மனமிறங்கி ஆர்சனலுக்கு விற்ற பிறகும் வழக்கைக் கைவிடவில்லை. 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், தக்கவைத்தல் விதிகள் தொழிலுரிமையை நியாயமின்றித் தடுக்கின்றன என்று தீர்ப்பளித்தார்.

இந்தப் பெயரை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. அதே 1963 செப்டம்பரில், வட அயர்லாந்தின் டிஸ்டில்லரி என்ற சிறு கழகம் ஐரோப்பியக் கோப்பையில் பென்ஃபிகாவை எதிர்கொண்டது. யூசேபியோ ஆடிய பென்ஃபிகா. முந்தைய மூன்று ஆண்டுகளிலும் இறுதியாட்டம் வரை போய், இருமுறை கோப்பையை வென்றிருந்த அணி. டிஸ்டில்லரியின் மேலாளர், வழக்கு வென்ற அந்த ஈஸ்ட்ஹாமின் தந்தை. அவர் பெயரும் ஜார்ஜ்தான். ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த ஃபின்னியிடம் எங்களுக்காக ஆடித் தருவீர்களா என்று கேட்டார். இடுப்புக்கீழ்த் தசைக் காயத்தால் ஆட்டத்தை நிறுத்தியிருந்த 41 வயது மனிதர் ஒப்புக்கொண்டு பெல்ஃபாஸ்டுக்குப் போனார். யாருக்கு ஆடுவது என்பதை அன்று அவரே தீர்மானித்தார். பெல்ஃபாஸ்டில் ஆட்டம் 3-3 என்று முடிந்தது. லிஸ்பனில் நடந்த இரண்டாவது ஆட்டத்துக்கு ஃபின்னி போகவில்லை; டிஸ்டில்லரி 5-0 என்று தோற்றது.